பிஸ்கட் போட்டவர் போய்விடுவார்

பசித்த வாய்க்குக் கொடுப்பதைவிடப் பெரிய புண்ணியம் இல்லை என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். அமாவாசையன்று காக்கைக்கு ஒரு பிடி வைக்காமல் பல வீடுகளில் யாரும் இலையில் உட்காருவதில்லை. வாசலில் அரிசி மாவில் கோலம் போட்டால், எறும்பு தின்னட்டும் என்பார்கள். கோயில் குளத்து மீனுக்குப் பொரி, கோயில் யானைக்கு வாழைப்பழம், பசுவுக்கு அகத்திக்கீரை. வாயில்லா ஜீவன்களிடம் இத்தனை கரிசனம் காட்டுகிறவர்களைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் இந்தப் பழக்கத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறோமே, அங்கேதான் சிக்கல். ஊரில் புண்ணியமாக இருக்கும் காரியம் காட்டுக்குள் நுழைந்ததும் வேறொன்றாக மாறிவிடுகிறது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் இடங்களில் பெரும்பாலும் காடும் மலையும்தான். ஆனைமலை, பரம்பிக்குளம், சின்னாறு, இரவிகுளம், பெரியாறு என்று நாம் தனித்தனியாகப் பெயர் வைத்திருக்கிறோம். யானைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கும், உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறுக்கும், போடியிலிருந்து போடிமெட்டு வழியாக அதே மூணாறுக்கும், கம்பத்திலிருந்து குமுளிக்கும் சாலைகள் ஏறுகின்றன. விடுமுறை நாளில் இவற்றில் எதில் போனாலும் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் கார் நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது. தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாட்டுக்குரங்குகளில் ஒன்று இறங்கி வருகிறது. ஒரு பிஸ்கட், கொஞ்சம் வேர்க்கடலை, பாதி கடித்த மக்காச்சோளம். குழந்தை கைதட்டிச் சிரிக்கிறது. அப்பா படம் எடுக்கிறார். கார் போய்விடுகிறது.

ஒரு பிஸ்கட்டில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒரு பிஸ்கட்டில் ஒன்றும் கெடாது. ஆனால் அந்த வளைவில் அன்றைக்கு நிற்பது அந்த ஒரு கார் மட்டுமல்ல. காட்டில் ஒரு குரங்கு பழம், கொழுந்து, பூச்சி என்று தேடித் தின்பதிலேயே பகலின் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. அப்படி அலையும்போதுதான் விதைகளைப் பரப்புகிறது, காட்டின் வேலையையும் செய்கிறது. அதே அளவு சத்தைச் சாலையோரத்தில் கால் மணி நேரத்தில் வாங்கிவிட முடியும் என்று கற்றுக்கொண்ட குரங்கு ஏன் மரம் ஏற வேண்டும்? கூட்டம் முழுவதும் சாலையோரத்துக்குக் குடிவருகிறது. இரை ஒரே இடத்தில் குவிவதால் சண்டை கூடுகிறது. மனிதரின் நோய் குரங்குக்கும் குரங்கின் நோய் மனிதருக்கும் தாவ வழி பிறக்கிறது. வளைவில் வேகமாகத் திரும்பும் அடுத்த வண்டியில் ஏதோ ஒரு குட்டி அடிபடுகிறது.

வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் என்ற இடத்தில் இதன் இன்னொரு முகம் தெரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சிங்கவால் குரங்கு, பெரும்பாலும் மர உச்சியை விட்டு இறங்காத பிராணி. பாலக்காட்டின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று நாடே விவாதித்தபோது அதன் பெயர்தான் முன்னால் நின்றது. புதுத்தோட்டத்தில் காடு துண்டாகி, தோட்டமும் சாலையும் வீடுகளும் சூழ்ந்துவிட்டதால் அந்தக் குரங்குகள் தரையில் நடக்கின்றன, குப்பையைக் கிளறுகின்றன, வீட்டுக்குள்ளும் நுழைகின்றன. சாலையில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டித் தர வேண்டியிருக்கிறது. அங்கே கீழே விழும் ஒவ்வொரு தின்பண்டமும் அவற்றை மரத்திலிருந்து இன்னும் ஒரு படி கீழே இழுக்கிறது.

காட்டு விலங்குக்குச் சோறு போடும்போது நாம் கொடுப்பது சோறு மட்டுமல்ல. ஒரு முகவரியும் சேர்த்துக் கொடுக்கிறோம். இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இரண்டு கால் பிராணியிடம் உணவு இருக்கும் என்ற முகவரி. பிஸ்கட் சீக்கிரம் செரித்துவிடும். முகவரி மறக்காது.

குரங்கின் விஷயத்தில் இது தொல்லை. யானையின் விஷயத்தில் உயிர்ப் பிரச்சினை. அதற்கு இந்த எல்லைப்புறம் முழுவதும் அறிந்த உதாரணம் அரிக்கொம்பன்.

இடுக்கி மாவட்டம் சின்னக்கானல், சாந்தன்பாறைப் பகுதியில் திரிந்த ஆண் யானை அது. அரிசியின் மேல் இருந்த ஆசையால் வந்த பெயர். வீட்டுச் சுவரை இடித்து அரிசியை எடுக்கும். தோட்டத் தொழிலாளர்களுக்கான ரேஷன் கடையைத் திரும்பத் திரும்ப உடைக்கும். உயிர்ப்பலிகளும் அதன் கணக்கில் எழுதப்பட்டன. இதைச் சுற்றுலாப் பயணிகள் கெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. யானைகளின் பாதையில் குடியிருப்புகளை அமைத்தது அரசு. அந்த வீடுகளில் இருந்த ஒரே செல்வம் அரிசி மூட்டை. ஆனால் மனிதரின் உணவை ருசித்துவிட்ட ஒரு யானையை அதன் பிறகு என்ன செய்ய முடியும் என்பதை அரிக்கொம்பனின் கதை படிப்படியாகக் காட்டியது.

2023 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி அதைப் பிடித்துப் பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்தில் விடச் சொன்னது. உடனே பாலக்காட்டுப் பக்கம் கொந்தளித்தது. முதலமடை ஊராட்சியில் போராட்டம். இடுக்கியில் ஆளைக் கொல்லும் யானை எங்கள் பிள்ளைகளை மட்டும் விட்டுவிடுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பரம்பிக்குளம் காட்டுக்குள்ளேயே பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. முடிவு மாறியது. ஏப்ரல் 29ஆம் தேதி சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, இரவோடு இரவாக லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27ஆம் தேதி அது மலை இறங்கித் தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. ஆட்டோக்கள் நொறுங்கின. ஊரில் 144 தடை உத்தரவு போட்டார்கள். அடிபட்ட ஒருவர் பிறகு இறந்துபோனார். ஜூன் 5ஆம் தேதி தமிழக வனத்துறை அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் மேல் கோதையாறு பகுதியில் விட்டது. அங்கேயும் மலையடிவார மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இடுக்கி வேண்டாம் என்றது, பாலக்காடு வேண்டாம் என்றது, தேனி விரட்டியது, நெல்லை பயந்தது. ஒரு பிராணி தான் பிறந்த காட்டிலிருந்து இரண்டு முறை லாரி ஏறியது. அதன் குற்றம், நாம் தின்பதைத் தானும் தின்னக் கற்றுக்கொண்டது.

முகவரி எத்தனை ஆழமாகப் பதியும் என்பதற்கு நீலகிரியிலும் ஒரு சாட்சி உண்டு. மசினகுடி பக்கம் வாழைத்தோட்டத்தில் ரிவால்டோ என்று பெயரிடப்பட்ட யானை, தும்பிக்கையில் காயத்தோடு ஊருக்குள் வந்து பழம் வாங்கித் தின்று பழகியது. இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார்கள். 2021 மே மாதம் அதைப் பிடித்துக் கூண்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்தார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி முதுமலைக் காட்டின் உட்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஓரிரு நாளிலேயே நடந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பிறகு அதைக் காட்டோடு ஒட்ட வைத்தது மருந்து இல்லை, கூண்டும் இல்லை. வனத்துறையினர் காவல் இருந்து, யாரும் தின்னக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள். கையில் வாங்கித் தின்பது நின்றது; மெல்ல மெல்ல அது மறுபடி காட்டு யானை ஆனது.

எல்லா யானைக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. அதே மசினகுடியில் 2021 ஜனவரியில், ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் தீப்பற்றிய பொருளை வீசினார்கள். காது எரிய எரிய அது ஓடும் காட்சியை நாடே பார்த்தது. காயத்தோடு அலைந்த அந்த யானை ஜனவரி 19ஆம் தேதி செத்தது. விடுதிகளை ஒட்டி யானை வருவதை ஒரு கவர்ச்சியாக நினைக்கும் வரை அதை விரும்புவோம். தொல்லை என்று தோன்றிய நிமிடத்தில் நெருப்பை எடுப்போம். கிட்டே அழைத்தவர்களும் விரட்டியவர்களும் எப்போதும் வேறு வேறு மனிதர்கள் இல்லை.

இப்போது மூணாறுக்கு வருவோம். அங்கே ஒரு பெரிய கொம்பனுக்கு ரஜினி படத்தின் பெயரையே வைத்துப் படையப்பா என்கிறார்கள். பேருந்தை மறித்து நிற்கும். காய்கறிக் கடைக்குள் தும்பிக்கையை விடும். 2020இல் ஊரடங்கில் தெருக்கள் காலியாக இருந்தபோது கடைவீதிக்கே வந்துபோனது. ஊராட்சியின் குப்பை கிடங்கில் காய்கறிக் கழிவைத் தின்னப் பழகியபோது, கழிவோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கையும் தின்கிறதே என்ற கவலை எழுந்தது. படையப்பாவைக் காட்டுகிறேன் என்று பயணிகளை ஏற்றிப்போகும் ஜீப்புகள் கிளம்பின. ஹாரன் அடித்து யானையைச் சீண்டியதாக ஒரு ஜீப் ஓட்டுநர் மீது 2023இல் வனத்துறை வழக்குப் போட்டது. யானை திரும்பிப் பாய்ந்தால் ஜீப்புக்கு ரிவர்ஸ் கியர் இருக்கிறது. அடுத்த நாள் காலை அதே பாதையில் கொழுந்து பறிக்க நடந்து வரும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது?

மூணாறு தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன்னால் மலையேறிய தமிழர்கள். லயன் வீட்டிலிருந்து தோட்டத்துக்கும், பள்ளிக்கும், ரேஷன் கடைக்கும் அவர்கள் நடந்தே போகிறவர்கள். 2024 பிப்ரவரியில் கன்னிமலை எஸ்டேட்டில் இரவு ஆட்டோ ஓட்டி வந்த ஒருவரை யானை கொன்றது. அந்த யானையை யாரோ தின்னக் கொடுத்துப் பழக்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யானையும் மனிதரும் இத்தனை நெருக்கமாக வாழும் இடத்தில், யானை மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போவது ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு. அந்த ஒதுக்கத்தைக் காசு கொடுத்துக் கலைக்கிறது சுற்றுலா. எச்சரிக்கையைக் கேட்காமல் கிட்டே போகிற பயணிக்கும் ஆபத்துதான். 2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் யானை நிற்கிறது என்று மற்றவர்கள் தடுத்தும் மோட்டார் சைக்கிளில் கடக்க முயன்ற ஜெர்மானியப் பயணி ஒருவர் உயிரிழந்தார். ஆனாலும் பயணிக்குத் திரும்பிப் போக ஊர் உண்டு. தோட்டத்துப் பெண்ணுக்கு அதுதான் ஊர்.

மலையில் தெரியாமல் நடக்கும் இந்தக் காரியம், கடலில் ஒரு முழுநேரத் தொழிலாகவே நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவில் ஒஸ்லோப் என்ற ஊர். உலகின் மிகப் பெரிய மீனான திமிங்கலச் சுறா, பேருந்து நீளத்துக்கு வளரும் என்றாலும் யாரையும் கடிக்காது. வாயைத் திறந்துகொண்டு நீந்தி, நுண்ணுயிர்களையும் பொடி இறாலையும் வடிகட்டித் தின்னும். ஒஸ்லோப் மீனவர்கள் படகிலிருந்து கையால் பொடி இறாலைப் போட்டு இந்தச் சுறாக்களைக் கரைக்கு வரப் பழக்கினார்கள். 2011 முதல் அது பெரிய வியாபாரமாயிற்று. விடிந்தால் படகு வரிசை. பக்கத்தில் முகமூடி அணிந்து நீரில் மிதக்கும் பயணிகள். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கூட்டம்.

அதன் பலனை ஆய்வாளர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். பெருங்கடல்களைக் கடந்து அலைய வேண்டிய மீன்களில் சில, மாதக்கணக்கில் அந்த ஒரு கரையோரத்தையே சுற்றுகின்றன. படகைக் கண்டால் விலகாமல் படகை நோக்கி வருகின்றன. அதனால் உடம்பெல்லாம் படகும் கயிறும் கிழித்த தழும்புகள். இங்கே படகு என்றால் இறால். வேறொரு கரையில் படகு என்றால் தூண்டிலாகவோ உந்துவிசிறியாகவோ இருக்கலாம். அந்த வித்தியாசத்தை யார் சுறாவுக்குச் சொல்வது? வால்பாறைக் குரங்கின் கதையும் இதுதான், அளவுதான் வேறு.

ஒஸ்லோப்காரர்களின் பதிலையும் கேட்க வேண்டும். முன்பு நாள் முழுதும் கடலில் கிடந்தாலும் அரை வயிறுதான் நிறைந்தது. இப்போது பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வீடு கட்டியிருக்கிறோம், மீன்பிடிப்பைக் குறைத்துவிட்டோம் என்பது அவர்கள் வாதம். இதில் பொய் இல்லை. மூணாறு ஜீப் ஓட்டுநரும், கொண்டை ஊசி வளைவில் வேர்க்கடலைப் பொட்டலம் விற்கிறவரும் இதையேதான் சொல்வார்கள். நகரத்திலிருந்து போய் இயற்கையைக் காப்பாற்று என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பதிலுக்கு மறுபதில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாடத்துக்கு மதிப்பில்லை.

மறுபதில் இருக்கிறது. அதே பிலிப்பைன்ஸில் டொன்சோல் என்ற ஊரில் 1998 முதல் திமிங்கலச் சுறாவைக் காட்டிப் பிழைக்கிறார்கள். தீனி போடுவதில்லை. ஒரு சுறாவுக்கு ஒரு படகுதான், தொடக் கூடாது, உள்ளூர் வழிகாட்டி கூட வர வேண்டும் என்பது விதி. சில நாள் சுறா வரும், சில நாள் வராது. சில ஆண்டுகளில் வரவே இல்லை என்னும் அளவுக்குக் குறைந்தும் போயிருக்கிறது. வருமானத்துக்கு அதில் நிச்சயம் இல்லை என்பது உண்மை. ஆனால் வருவது காட்டு விலங்கு.

நம் நாட்டில் குஜராத் இன்னும் தூரம் போனது. வேராவல் பக்கம் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாக்களை எண்ணெய்க்காகவும் இறைச்சி ஏற்றுமதிக்காகவும் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். 2001இல் மத்திய அரசு அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. மீனில் இந்தப் பாதுகாப்பு முதலில் கிடைத்தது அதற்குத்தான். வெறும் சட்டத்தால் காரியம் ஆகாது என்று புரிந்தவர்கள் 2004இல் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபுவை அழைத்தார்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் இவள், இவளையா வெட்டுவீர்கள் என்று அவர் மீனவர்களிடம் கேட்டார். 'வாலி', அதாவது அன்புக்குரியவள், என்று அந்த மீனுக்குப் பெயர் வந்தது. வலையில் சிக்கினால் மீனவர்களே விலை உயர்ந்த வலையை அறுத்து விடுகிறார்கள். கிழிந்த வலைக்கு இழப்பீடு கிடைக்கிறது. அந்த மகளுக்கு யாரும் சோறு ஊட்டவில்லை. வழிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இடுக்கி, பாலக்காடு காடுகளிலேயே இதற்கு முன்மாதிரி இருப்பது நமக்கு வசதி. தேக்கடியில் 1990களின் பிற்பகுதியில் ஒரு மாற்றம் நடந்தது. பெரியாறு காட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து வயனா மரத்தின் பட்டையை உரித்து விற்று, வழக்குகளில் மாட்டி அலைந்தவர்கள் இருந்தார்கள். வனத்துறை அவர்களோடு பேசியது. காட்டின் ஒவ்வொரு தடமும் தெரிந்த அவர்களையே குழுவாக்கி, பயணிகளை நடத்திச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கியது. மரத்தை உரித்தவர் மரத்தைக் காட்டிச் சம்பாதிக்க ஆரம்பித்தார். காடு இருந்தால்தான் கூலி என்று ஆனபின் அவரைவிடக் கண்டிப்பான காவலர் கிடையாது.

பரம்பிக்குளம் இன்னொன்று. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டு வழியாகத்தான் போக முடியும். கேரள மண்ணில் இருக்கும் அங்குள்ள அணைகளைப் பராமரிப்பது தமிழகம். 2010இல் புலிகள் காப்பகமான அந்தக் காட்டில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்ற நான்கு பழங்குடிகள் வாழ்கிறார்கள். வருகிற பயணி இஷ்டப்படி சுற்ற முடியாது. உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டி கூட வருவார். எங்கே நிறுத்தலாம், எங்கே இறங்கக் கூடாது என்று சொல்வார். மூங்கில் தெப்பத்தில் போகலாம். கன்னிமாரா தேக்கைச் சுற்றி நின்று அண்ணாந்து பார்க்கலாம். காட்டெருமையோ மானோ வந்தால் பார்க்கலாம். வராவிட்டால் வராது. யாரும் எதையும் தூவி வரவழைப்பதில்லை. அந்த வருமானத்தில் காட்டோடு வாழ்கிறவர்களின் அடுப்பும் எரிகிறது.

இரவிகுளத்தில் ராஜமலைக்குப் போகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கும். சொந்த வண்டியைக் கீழே விட்டு, வனத்துறை பேருந்தில் ஏற வேண்டும். வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வழக்கமாகப் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். சங்க இலக்கியம் வருடை என்று சொன்ன அந்த ஆடு, தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தொந்தரவு இல்லை என்று தெரிந்ததால் பாதையோரத்திலேயே வந்து மேய்கிறது. அங்கேயும் கொம்பைப் பிடித்து நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டதாக 2023 தொடக்கத்தில் இரண்டு பேர் கைதானார்கள். கிட்டே வருகிற விலங்கு நம் சொத்து என்ற நினைப்பு நமக்கு அத்தனை சுலபமாக வந்துவிடுகிறது.

விதிகள் இல்லாமல் இல்லை. சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தீனி போடாதீர் என்ற பலகை சாலைதோறும் நிற்கிறது. அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்து குரங்கு பிஸ்கட் தின்கிறது. பல நூறு வளைவுகளில் வனக் காவலரை நிறுத்த எந்த அரசாலும் முடியாது. முடிவு நம் கையில் இருக்கும் பொட்டலத்தில்தான் இருக்கிறது. அதோடு பணத்திலும் இருக்கிறது. யானை கிட்டே போனால் இருநூறு ரூபாய் அதிகம் தருகிறேன் என்று சொல்கிறவர் இருக்கும்வரை கிட்டே போகிற ஜீப்பும் இருக்கும். தூரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இதற்கு மேல் போகக் கூடாது சார் என்று சொல்கிற ஓட்டுநருக்கு அந்த இருநூறைக் கொடுத்துப் பாருங்கள். விடுதியில் அறை எடுக்கும்போது, இரவில் விலங்கு வர ஏதாவது போடுகிறீர்களா, சாப்பாட்டுக் கழிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது வாரம் குப்பைத் தொட்டிக்கு மூடி வந்துவிடும். தின்பண்டத்தைப் பையில் மூடி வையுங்கள். எச்சிலையும் உறையையும் கீழே திரும்பக் கொண்டு வாருங்கள்.

கொடுக்கும் ஆசை தீரவில்லை என்றால் கொடுக்க ஊரில் வாய்கள் நிறைய இருக்கின்றன. காக்கைக்கு வைக்கலாம். தெரு நாய்க்கு வைக்கலாம். மனிதருக்கும் வைக்கலாம். இவையெல்லாம் நம்மோடு வாழச் சம்மதித்த உயிர்கள். காட்டு விலங்கு அப்படிச் சம்மதிக்கவில்லை. அதன் சோற்றை அதுவே தேடிக்கொள்ளும். நாம் பிடுங்காமல் இருந்தால் போதும்.

அடுத்த விடுமுறையில் மலையேறும்போது பின் சீட்டிலிருந்து குழந்தை நிச்சயம் கேட்கும்: அப்பா, அந்தக் குரங்கு பாவம், ஒரு பிஸ்கட் போடலாமா? அதற்குச் சாப்பாடு மரத்தில் இருக்கிறது, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தால் அது எப்படி எடுத்துத் தின்கிறது என்று தெரியும் என்று சொல்லுங்கள். வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, குழந்தையோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள்.